குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு உத்தரவு: ஒரு வருடம் அலைந்த பிறகு என் ரிவ்யூ

என் தங்கைக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்க ஒரு வருடத்துக்கு மேல் அவளோடு அலைந்தவள் நான். மனு எழுதிய நாளிலிருந்து, உத்தரவு கைக்கு வந்து, அதை அவள் கணவர் மீறி, மறுபடியும் கோர்ட்டுக்குப் போய்த் திருத்தி வாங்கியது வரைக்கும் கூடவே இருந்தேன். ஓட்டலுக்கும் துணிக்கடைக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், ஆனால் அரசாங்கம் பெண்களுக்காக வைத்திருக்கிற இந்தச் சேவையைப் பற்றி அனுபவித்தவர் யாரும் விவரமாக எழுதி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அப்படி ஒன்று கையில் கிடைத்திருந்தால் எங்களுக்கு நாலு மாதமாவது மிச்சமாகியிருக்கும். ஊர் பெயர், ஸ்டேஷன் பெயர் எதுவும் எழுதப் போவதில்லை, தங்கை இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்குங்கள், தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். ஆனால் உத்தரவில் என்ன வரி எழுதியிருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் அது காப்பாற்றும். மனுவில் நாங்கள் கேட்காத எதுவும் எங்கள் உத்தரவில் வரவில்லை. இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

சரி, இது என்ன என்று தெரியாதவர்களுக்கு. வெளிநாட்டுப் படங்களில் 'ரிஸ்ட்ரெய்னிங் ஆர்டர்' என்பார்களே, அதற்கு நம் நாட்டில் மிக நெருக்கமானது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் 18-வது பிரிவில் வரும் பாதுகாப்பு உத்தரவு. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாஜிஸ்திரேட் கொடுப்பார். என் தங்கை இரண்டு வருடம் தயங்கியதற்குக் காரணமே, "கேஸ் போட்டா அவரைப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க, நாளைக்கு பையன் என்னைத்தான் கேப்பான்" என்ற பயம்தான். அப்படி இல்லை. இந்த மனு போடுவதால் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். இதைச் செய்யாதே, இங்கே வராதே, தொந்தரவு கொடுக்காதே என்று கோர்ட் எழுத்தில் சொல்கிறது, அவ்வளவுதான். அந்த எழுத்தை மீறினால்தான் அது குற்றம். விவாகரத்தும் இதுவும் வேறு வேறு, இதை வாங்கிக்கொண்டு அதே வீட்டில் வாழ்கிற பெண்களும் இருக்கிறார்கள். இது புரிந்த அன்று அவள் முகத்தில் வந்த தெளிவை இன்னும் நான் மறக்கவில்லை.

மனைவிக்கு மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். மகன் அடிக்கும் தாய், அண்ணன் வீட்டில் அவதிப்படும் தங்கை, கணவர் இறந்த பிறகு மாமியார் வீட்டில் மிரட்டப்படும் பெண், கல்யாணம் பதிவாகாமல் கணவன் மனைவி போலவே சேர்ந்து வாழ்ந்தவர்கள், எல்லோரும் போகலாம். வயது வந்த ஆண்கள் மீது மட்டும்தான் போடலாம் என்று முன்பு சட்டத்தில் இருந்ததை 2016-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது, அதனால் மாமியார், நாத்தனார் மீதும் போடலாம்.

எப்போது போக வேண்டும்? இதற்குத்தான் எல்லோரும் தப்பான பதிலைச் சொல்கிறார்கள் என்பது என் எண்ணம். ரத்தம் வந்தால் போ என்கிறார்கள். சட்டத்தின் 3-வது பிரிவைப் படித்தால் அடிப்பது அதில் ஒரு பகுதிதான் என்று தெரியும். வாயால் கேவலப்படுத்துவது, பாலியல் கொடுமை, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது, நகையை விற்பது எல்லாமே அதில் வருகிறது. என் தங்கை கல்யாணமான மூன்றாவது மாதத்திலிருந்து அவள் ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருந்தது. பேருந்துக்கு எண்ணிக் காசு கொடுப்பார். இரவில் போனை வாங்கி ஒவ்வொரு மெசேஜாகப் படிப்பார். அடித்தது மொத்தமே இரண்டு முறைதான், அதனால் இதெல்லாம் வன்முறைதான் என்று அவளுக்கே தோன்றவில்லை. நான் ஒரு வாரம் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் ஆறு வயதுப் பையன் டிவியை அணைத்துவிட்டு, செருப்பை நேராக அடுக்கிவிட்டு, புத்தகத்தோடு மூலையில் போய் உட்கார்ந்தான். யாரும் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. போக வேண்டிய நேரம் அதுதான் என்று அன்றைக்கே நான் நினைத்தேன். அதற்குப் பிறகும் எட்டு மாதம் போனது, அந்த எட்டு மாதத்துக்குள்தான் இரண்டாவது அடி விழுந்தது.

முதலில் போனது மகளிர் காவல் நிலையம். இதற்கு நான் மதிப்பெண் குறைவாகத்தான் கொடுப்பேன், ஆனால் எல்லா ஸ்டேஷனும் இப்படி இருக்காது என்றும் சொல்ல வேண்டும். இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, "இனிமேல் இப்படி நடந்துகொள்ள மாட்டேன்" என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, தங்கையிடம் "பையன் இருக்கான்ல, பொறுத்துப் போம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்தக் கடிதத்துக்குச் சட்டப்படி அவரைத் தடுக்கிற பலம் எதுவும் இல்லை. நாலாம் நாள் மறுபடி ஆரம்பித்தார். அன்றைக்கு நாங்கள் செய்த ஒரே நல்ல காரியம் சிஎஸ்ஆர் ரசீது, அதாவது புகார் கொடுத்ததற்கான அத்தாட்சிச் சீட்டு, கேட்டு வாங்கியது. தர மனமில்லாமல்தான் தந்தார்கள், ஆனால் பின்னால் கோர்ட்டில் அந்தத் துண்டுச்சீட்டு ரொம்ப உதவியது. அடி வாங்கியிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டும்போது 'படியில விழுந்துட்டேன்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். யார் அடித்தது என்று உள்ளபடி சொன்னால் ஏஆர் என்கிற மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறும், அதன் காப்பியும் கிடைக்கும். முதல் அடிக்கு என் தங்கை படி என்றுதான் சொல்லியிருந்தாள், எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்துக் காட்டினார்.

அப்புறம்தான் 181-க்கு அடித்தோம். இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கும் பெண்கள் உதவி எண், இலவசம். ராத்திரி பதினொன்றரைக்கு எடுத்த பெண் பொறுமையாக முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "உடனே ஆபத்து இருக்கா? இப்ப பத்திரமா இருக்கீங்களா?" என்று முதலில் கேட்டார். பிறகு மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவரைப் போய்ப் பாருங்கள் என்றார். தங்க இடமில்லை என்றால் அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம் என்றும் சொன்னார். எங்களுக்கு அது தேவைப்படவில்லை, தங்கை என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பாதுகாப்பு அலுவலருக்கு ஐந்துக்கு ஐந்து. இந்த முழு அனுபவத்தில் என் தங்கையை ஒரு மனுஷியாக நடத்திய முதல் ஆள் அந்த மேடம்தான். குடும்ப நிகழ்வு அறிக்கை என்று முதல் படிவம் ஒன்று இருக்கிறது, அதை நிரப்ப ஒரு மதியம் முழுக்க எடுத்துக்கொண்டார். தேதி ஞாபகம் இல்லாத இடத்தில் "தீபாவளிக்கு முன்னாலயா பின்னாலயா, பையன் எந்த கிளாஸ்ல இருந்தான்" என்று கேட்டுக் கேட்டே வரிசைப்படுத்தினார். கணவர் வீடு வேறு மாவட்டத்தில் இருக்கிறதே, அங்கே போய்த்தான் போட வேண்டுமா என்று பயந்தோம். இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் கோர்ட்டிலேயே போடலாம் என்றார், அது 27-வது பிரிவு. ஒரு ரூபாய் செலவில்லை. வக்கீல் இல்லாமலேயே இந்த மனுவைப் போடலாம், இவர் மூலமாகவே மாஜிஸ்திரேட்டுக்குப் போகும். பாதுகாப்பு அலுவலரைப் பார்க்காமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனாலும் மனு செல்லும், அறிக்கை கட்டாயமில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் நான் இவர் வழியாகப் போகச் சொல்வேன். ஒரே குறை, ஒரு மாவட்டத்துச் சுமை முழுக்க அவர் தலையில் இருக்கிறது, போன் எடுப்பது கஷ்டம், நேரில்தான் போக வேண்டும்.

வக்கீல் விஷயம். பெண்கள் என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, இது 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் இருக்கிறது. என் தங்கை வேலைக்குப் போகிறவள், அதனால் கிடைக்காது என்று ஒருவர் சொன்னதை நம்பி வெளியில் ஒருவரிடம் பணம் கட்டினோம். அவர் பழைய மனு ஒன்றில் பெயரை மாற்றிக் கொடுத்தார், உள்ளே வேறு யாரோ ஒரு பெண்ணின் நகைக்கணக்கு அப்படியே இருந்தது. பிறகு கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து இன்னொரு வக்கீல் மேடம் வந்தார். இவர் வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. 15100 என்று அவர்களுக்கும் ஒரு உதவி எண் இருக்கிறது.

இனி கோர்ட். சட்டப்படி மனு கிடைத்த மூன்று நாளுக்குள் முதல் ஹியரிங், அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். எங்களுக்கு முதல் ஹியரிங் வர மூன்று வாரம் ஆனது. நோட்டீஸைப் பாதுகாப்பு அலுவலர் மூலம் இரண்டு நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது, ஆனால் தங்கை கணவர் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார், அப்படியே ஒரு மாதம். அதற்குப் பிறகு வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தங்கை அரை நாள் லீவு போட்டு, காரிடாரில் அவர் பக்கத்து ஆட்கள் முறைத்துக்கொண்டு நிற்க, நடுவில் நிற்பாள். மூடிய அறையில் விசாரிக்கக் கேட்கலாம், 16-வது பிரிவில் இடம் இருக்கிறது, அதைக் கேட்ட பிறகு கொஞ்சம் நிம்மதி. கோர்ட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. நீதிபதி அம்மா பொறுமையானவர், எங்கள் மீது எரிந்து விழவே இல்லை, ஆனால் ஒரு நாளில் அவர் முன்னால் எத்தனை கட்டு வழக்குகள் வருகின்றன என்று நானே பார்த்தேன்.

இங்கேதான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம், நீங்கள் செய்யாதீர்கள். இறுதி உத்தரவுக்குக் காத்திருக்கவே வேண்டியதில்லை. 23-வது பிரிவில் இடைக்கால உத்தரவு கேட்கலாம், அவசரம் என்றால் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும் முன்பே, உங்கள் பிரமாணப் பத்திரத்தை மட்டும் பார்த்து மாஜிஸ்திரேட் கொடுக்க முடியும். அதற்கென்றே மூன்றாவது படிவம் இருக்கிறது. முதல் வக்கீல் அதை வைக்கவே இல்லை. இரண்டாவது வக்கீல் மேடம் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃபார்ம் த்ரீ எங்கம்மா?" என்றுதான் முதல் கேள்வியே கேட்டார். அவர் அதைத் தாக்கல் செய்த இரண்டு வாரத்தில் இடைக்கால உத்தரவு வந்தது. அதை மீறினாலும் இறுதி உத்தரவை மீறியது போலத்தான்.

உத்தரவு வந்த அன்று கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தோம். பத்து நாள் அமைதி. பதினோராம் நாள் அவர் தங்கையின் ஆபீஸ் ரிசப்ஷனில் வந்து உட்கார்ந்தார். கத்தவில்லை, அடிக்கவில்லை, மாலை வரை உட்கார்ந்தே இருந்தார். மறுநாள் பையனின் ஸ்கூல் வாசலில் பைக்கை நிறுத்திக்கொண்டு நின்றார். அவர் சித்தப்பா பையன் போனிலிருந்து வாய்ஸ் மெசேஜ் வந்தது. என் கணவருக்குப் போன் போட்டு, "அவளை வீட்ல வச்சிருக்கிறதுக்கு அனுபவிப்பீங்க" என்றார். உத்தரவை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினோம். அங்கே இருந்தவர் நிதானமாகப் படித்துவிட்டு, "இதுல குடும்ப வன்முறை செய்யக்கூடாதுன்னு மட்டும்தானேம்மா இருக்கு, ஆபீஸ், ஸ்கூல்னு எதுவும் இல்லையே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நானே உத்தரவை மறுபடி படித்தபோது, அவர் சொன்னது போல அதில் ஒரே ஒரு பொதுவான வரிதான் இருந்தது.

சட்டத்தில் அத்தனைக்கும் இடம் இருக்கிறது. வேலை பார்க்கும் இடத்துக்குள் வரக்கூடாது, பிள்ளையின் பள்ளிக்கு வரக்கூடாது, அவள் வழக்கமாகப் போகும் இடங்களுக்கு வரக்கூடாது, நேரிலோ எழுத்திலோ போனிலோ இணையத்திலோ எந்த வழியிலும் தொடர்பு கொள்ள முயலக்கூடாது, அவளுக்கு உதவி செய்கிற உறவினர் யாருக்கும் வன்முறை செய்யக்கூடாது, கூட்டு வங்கிக் கணக்கையும் லாக்கரையும் கோர்ட் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது, இப்படி 18-வது பிரிவிலேயே வரிசையாக இருக்கிறது, மாஜிஸ்திரேட் வேறு எதையும் சேர்க்கலாம். கேட்டால்தான் வரும். நிலைமை மாறியிருக்கிறது என்று காட்டி உத்தரவைத் திருத்தக் கேட்க 25-வது பிரிவு இருக்கிறது. வக்கீல் மேடம் அதன் கீழ் மனு போட்டார், இந்த முறை ஆபீஸ் முகவரி, பள்ளியின் பெயர், என் வீட்டு முகவரி, 'மூன்றாம் நபர் மூலமாகவும்' என்ற வார்த்தை, வாட்ஸ்அப், எல்லாம் தனித்தனி வரியாக ஏறியது. மனு எழுதும் முன் ஒரு மாலை உட்கார்ந்து, அவர் எங்கெல்லாம் வருவார், யார் மூலம் பேசுவார், எதை எடுத்து மிரட்டுவார் என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். உங்களை விட யாருக்கும் அது நன்றாகத் தெரியாது. அந்தப் பேப்பரை வக்கீலிடம் கொடுத்து ஒவ்வொன்றும் மனுவில் வந்திருக்கிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள்.

திருத்திய உத்தரவுக்குப் பிறகும் ஒரு தடவை ஸ்கூலுக்கு வந்தார். வாட்ச்மேனிடம் முன்பே உத்தரவின் ஜெராக்ஸ் கொடுத்திருந்தோம், அவர் எனக்குப் போன் செய்தார், கேமரா பதிவும் கிடைத்தது. பாதுகாப்பு அலுவலர் மேடமும் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதே ஸ்டேஷனில் இந்த முறை 31-வது பிரிவில் வழக்குப் பதிவு செய்தார்கள். ஒரு வருடம் வரை சிறை அல்லது இருபதாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம். அதற்குப் பிறகு இன்று வரை அவர் வரவில்லை. உத்தரவின் சான்றிட்ட நகலைக் கோர்ட் இலவசமாகத் தர வேண்டும், ஸ்டேஷனுக்கும் அனுப்ப வேண்டும், ஆனாலும் போய்ச் சேர்ந்ததா என்று நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அவர் கைக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த அந்த வாரம்தான் எங்களுக்கு மிக மோசமான வாரம். அதுவரை பயந்து இருந்தவள் எதிர்த்து நிற்கிறாள் என்று தெரிந்த கோபம். அந்த நாட்களில் தங்கையைத் தனியாக எங்கேயும் அனுப்பவில்லை, பையனை ஒரு வாரம் ஸ்கூலுக்கே அனுப்பவில்லை, சான்றிதழ், ஆதார், நகை எல்லாம் அதற்கு முன்பே வெளியே எடுத்துவிட்டோம். பாதுகாப்பு அலுவலரிடம் பாதுகாப்புத் திட்டம் என்று ஐந்தாவது படிவம் இருக்கிறது, அதைக் கேட்டு நிரப்புங்கள். ராத்திரி கதவைத் தட்டுகிறவனை ஒரு காகிதம் தடுக்காது, அந்த நேரத்தில் 112-க்கோ 181-க்கோ அடிக்க வேண்டும்.

வீடு, பணம் பற்றிச் சுருக்கமாக. வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு உரிமை இல்லை என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். கணவனோடு வாழ்ந்த வீடு மாமனார் மாமியார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தங்கைக்கு அங்கே போக விருப்பமில்லை, அதனால் வாடகை கேட்டோம். மாதத் தொகை உத்தரவாகியிருக்கிறது, ஒழுங்காக வருவதில்லை, அதை வசூலிக்க இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

இந்தச் சட்டம் எல்லாருக்கும் பொருந்தாது. ஒரே வீட்டில் வாழ்ந்த உறவு இருக்க வேண்டும். பின்தொடர்கிற வெளி ஆள், சேர்ந்து வாழாத பழைய காதலன் என்றால் இதில் வராது. பின்தொடர்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவில் புகார் கொடுக்கலாம், தமிழ்நாட்டின் 1998 பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டத்திலும் 2025-ல் கொண்டுவந்த திருத்தத்தில் பாதுகாப்பு உத்தரவுக்கு வழி செய்திருக்கிறார்கள். ஆண்கள் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனு போட முடியாது.

பெரியவர்கள் வாபஸ் வாங்கச் சொல்லி வருவார்கள். எங்கள் வீட்டுக்கு நாலு முறை வந்தார்கள், ஒருமுறை என் பெரியப்பாவே வந்தார். தங்கை அவருக்குக் காபி கொடுத்துவிட்டு, "பெரியப்பா, இந்த உத்தரவு நானா போய் ரத்து பண்ணச் சொல்ற வரைக்கும் இருக்கும்னு வக்கீல் சொல்லியிருக்காங்க, நான் இப்ப போறதா இல்ல" என்றாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, பையனிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கிளம்பினார்.

எங்கள் மாவட்டத்தில் சமூக நல அலுவலகம் கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள், கூட்டத்தில் நிற்கவே முடியாது, செவ்வாய் அல்லது புதன் காலை பத்தரைக்குப் போங்கள். கல்யாண போட்டோ, ஆதார், சிஎஸ்ஆர், ஏஆர் காப்பி, வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ். போனில் இருக்கிற வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள், அதை வேறு போனுக்கு ஃபார்வர்டு பண்ணிவிட்டு மூலத்தை அழிப்பதும் வேண்டாம். கூட ஒரு ஆள் வேண்டும், எழுதுகிறபோது அழுகை வரும், தண்ணீர் எடுத்துப் போங்கள்.